தொற்றுநோய்க் காலத்தில் நர்ஸ்கள் ஏன் வேலையை விட நினைக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் 17 ஆண்டுகளாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். கொரோனா காலம் முழுக்க ஐசியூவில் டூட்டி. அந்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறை ராஜினாமா கடிதம் எழுதினேன். ஒன்றைக் கிழித்துப் போட்டுவிட்டேன், மற்றொன்று இன்னும் என் லாக்கரில் கிடக்கிறது. உறவுக்காரர்கள், நோயாளிகளின் வீட்டார், புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் எனப் பலரும் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஆபத்து என்றதும் நர்ஸ்கள் வேலையை விட்டு ஓடிவிடுகிறார்கள் என்கிறார்களே, உண்மையா?

விட நினைப்பது வேறு, விட்டுப் போவது வேறு. ஆய்வு செய்கிறவர்களும் 'விலகும் எண்ணம்' என்பதைத் தனியாகத்தான் அளக்கிறார்கள். 'வேலையை விடலாம் என்று நினைக்கிறேன்' என்று கேள்வித்தாளில் டிக் போட்ட கையோடு அடுத்த ஷிஃப்டுக்கு உடை மாற்றப் போனவர்களை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

ஓடினார்களா, நின்றார்களா என்பதற்கு நோய் கணக்கே சாட்சி. 2002-03-ல் சார்ஸ் என்ற சுவாச நோய் பரவியபோது உலகம் முழுக்க 8,096 பேருக்கு நோய் வந்தது. அவர்களில் 1,706 பேர் மருத்துவப் பணியாளர்கள், அதாவது ஐந்தில் ஒருவருக்கும் மேல். மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, மருத்துவப் பணியாளர்களுக்கு அந்த நோய் வரும் வாய்ப்பு மற்ற பெரியவர்களைவிட 21 முதல் 32 மடங்கு அதிகமாக இருந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. நோய் வந்த பணியாளர்களில் பாதிக்கு மேல் நர்ஸ்களும் நர்ஸ் உதவியாளர்களும்தான். கொரோனாவில் 2020 ஜனவரி முதல் 2021 மே வரை ஏறக்குறைய 1,15,000 மருத்துவப் பணியாளர்கள் இறந்திருக்கலாம் என்பது அதே நிறுவனத்தின் மதிப்பீடு. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்குத்தான் இப்படித் தொற்றும்.

அப்படியானால் எதற்குப் பயப்படுகிறார்கள்? சாவுக்கா?

அந்தப் பயமும் உண்டு, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் நான் பேசிய நர்ஸ்களில் தன் உயிரை முதலில் சொன்னவர்கள் குறைவு. 'வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவேனோ' என்பதுதான் முதலில் வரும். உலகில் செவிலியர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். கைக்குழந்தை, வயதான மாமியார், டயாலிசிஸில் இருக்கும் அப்பா என்று வீட்டிலும் யாரையாவது பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவர்கள் தலையில்தான்.

எங்கள் வார்டில் தங்கை மாதிரியான ஒரு நர்ஸுக்கு எட்டு மாதக் குழந்தை. டூட்டி முடிந்து குளித்து, தலைமுடியை அலசி, வேறு உடை மாற்றி, அதன் பிறகும் குழந்தையைத் தூக்கப் பயந்து வாசல்படியிலேயே உட்கார்ந்திருப்பாளாம். குழந்தை தவழ்ந்து அவளிடம் வரும், இவள் பின்னாலேயே நகர்ந்து போவாள். "அக்கா, இன்னைக்கு அது அழாம திரும்பிப் போயிடுச்சு" என்று ஒருநாள் ஷிஃப்ட் மாறிப் பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்டோவர் நேரத்தில் என்னிடம் சொன்னாள். அந்த வாரமே கடிதம் கொடுத்துவிட்டாள். அவளைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பாதுகாப்பு உடை கொடுத்தால் இந்தப் பயம் போய்விடாதா?

பெருமளவு போகும். கொரோனாவின் முதல் மாதங்களில் பல நாடுகளில் அதுவே கிடைக்கவில்லை. ஒரு தடவை போட்டுக் கழித்துவிட வேண்டிய என்-95 முகக்கவசத்தை காகித உறைக்குள் போட்டு, மேலே பெயர் எழுதி, நாள்கணக்கில் திரும்பத் திரும்பப் போட்டோம். உடைகளின் அளவும் பெரும்பாலும் ஆண் உடம்புக்கு ஏற்றது. சிறிய முகத்தில் முகக்கவசம் சரியாகப் பொருந்தாமல் ஓரத்தில் காற்று கசியும். அப்படிக் கசிந்தால் அது இருந்தும் பயனில்லை.

வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. உடையைப் போடும்போது வரும் ஆபத்தைவிட கழற்றும்போது வருவது அதிகம். வெளிப்பக்கம் முழுக்கக் கிருமி இருக்கும். மேல் கையுறையைக் கழற்றிக் கையைத் துடைக்க வேண்டும், அங்கியை உள்பக்கம் வெளியே வருமாறு சுருட்டி இறக்க வேண்டும், முகக்கவசத்தின் முன்பக்கத்தைத் தொடாமல் பின்னால் இருக்கும் பட்டையைப் பிடித்து எடுக்க வேண்டும். 2014-ல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஒரு எபோலா நோயாளியைக் கவனித்த இரண்டு நர்ஸ்களுக்கு நோய் தொற்றியது. அதன் பிறகுதான் அந்த நாட்டின் நோய்த்தடுப்பு மையம் வழிகாட்டுதலை மாற்றியது. உடம்பில் எந்த இடமும் வெளியே தெரியக் கூடாது, போடும்போதும் கழற்றும்போதும் பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு படியையும் கவனிக்க வேண்டும் என்றது.

எங்கள் நைட் டூட்டியில் அப்படி ஒருவர் நின்றதில்லை. ஏழு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல், கழிவறைக்குப் போகாமல், கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, விடியற்காலை மூன்றரை மணிக்குத் தனியாக நின்று கழற்றுவேன். மூக்கில் தழும்பு எரியும். அனிச்சையாகக் கை முகத்துக்குப் போகும். பாதி வழியில் நிறுத்தி, 'தொட்டேனா, தொடலையா' என்று யோசித்துக்கொண்டே சுவரைப் பார்த்து நிற்பேன். பக்கத்தில் 'தொடலை சிஸ்டர், பயப்படாதீங்க' என்று சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால் என் முதல் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன் என்றே இன்றும் நினைக்கிறேன்.

வேலைப்பளு எவ்வளவு பெரிய காரணம்?

மிகப் பெரியது. அதுவும் நோய் வருவதற்கு முன்பே இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 செவிலியர் அறிக்கைப்படி 2018-ல் உலகம் முழுக்க 2 கோடியே 79 லட்சம் செவிலியர்கள் இருந்தார்கள், பற்றாக்குறை 59 லட்சம். இத்தனை ஓட்டைகளோடுதான் பெருந்தொற்றுக்குள் போனோம்.

ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நர்ஸிங் ஆய்வாளர் லிண்டா ஐகென் குழுவினர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளில் நடத்தி 2002-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால் அறுவை சிகிச்சைக்கு வந்தவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும், நர்ஸ் மனம் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதமும் கூடியது தெரிந்தது. கலிபோர்னியாவில் ஐசியூவில் ஒரு நர்ஸுக்கு அதிகபட்சம் 2 நோயாளிகள் என்பது சட்டம். நானும் இன்னொரு சிஸ்டரும் ஒரு நைட்டில் 11 வென்டிலேட்டர்களைப் பார்த்திருக்கிறோம்.

'செய்ய வேண்டியது தெரிந்தும் செய்ய முடியவில்லை' என்று நர்ஸ்கள் சொல்வது எதை?

என் கணக்கில் இதுதான் எல்லாவற்றிலும் ஆழமாக வெட்டுவது. ஆண்ட்ரூ ஜேம்டன் என்ற அறநெறி அறிஞர் 1984-லேயே இதற்கு ஒரு பெயர் கொடுத்தார், 'அறவேதனை' என்று தமிழில் சொல்லலாம். நோயாளிக்கு எது சரி என்று தெரிகிறது. ஆனால் ஆள் இல்லை, கருவி இல்லை, விதி விடவில்லை. தெரிந்தே வேறொன்றைச் செய்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும்.

ஒரு பெரியவர். அறுபது தாண்டியிருக்கும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு, நாங்கள் சாச்சுரேஷன் என்போம், இறங்கிக்கொண்டே இருந்தது. மகளை உள்ளே விட அனுமதி இல்லை. பிளாஸ்டிக் உறையில் போட்ட வார்டு போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகள் "அப்பா, அப்பா" என்கிறாள். அவர் என் கையுறையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அதே நேரத்தில் நான்காவது கட்டிலின் அலாரம் அடிக்கிறது. போக வேண்டும். "ஒரு நிமிஷம்மா" என்று சொல்லிப் போனை அவர் மார்பின் மேல் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வரப் பதினைந்து நிமிடம் ஆனது. போனில் மகள் கூரையைப் பார்த்தபடி இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நான்காவது கட்டிலுக்குப் போனது சரிதான். யார் கேட்டாலும் சரி என்பார்கள். இருந்தும் என் இரண்டாவது கடிதம் அந்த இரவில் எழுதியது.

ஊரும் அக்கம்பக்கமும் நர்ஸ்களைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்களே?

கைதட்டியவர்கள் உண்டு. அதே கட்டடத்தில் லிஃப்டுக்குள் ஏறாதே என்றவர்களும் உண்டு. 2018-ல் கேரளத்தில் நிபா வைரஸ் நோய் வந்தபோது பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் வேலை பார்த்த லினி என்ற நர்ஸ், நோயாளியிடமிருந்து தொற்றி இறந்தார். கணவருக்கு அவர் கடைசியாக எழுதிய சீட்டைப் படித்து நாடே அழுதது. அதே நாட்களில் அந்த மருத்துவமனையின் மற்ற நர்ஸ்கள், பஸ்ஸில் மக்கள் விலகிப் போகிறார்கள், ஆட்டோக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள் என்று புகார் சொல்ல வேண்டியிருந்தது.

2020-ல் வாடகை வீட்டிலிருந்து நர்ஸ்களை வெளியேற்றுவதும் தாக்குவதும் பெருகியதால், அந்த ஏப்ரலில் இந்தியா பெருந்தொற்று நோய்கள் சட்டத்தையே அவசரமாகத் திருத்தியது. மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் 3 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, கொடுங்காயம் என்றால் 7 ஆண்டு வரை. இப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டதே, அதிலிருந்து புரிந்துகொள்ளுங்கள்.

பணம் ஒரு காரணமா?

ஆம். அதைச் சொல்ல ஏன் கூச்சப்பட வேண்டும்? 2014 ஆகஸ்டில் சியரா லியோனின் கெனிமா அரசு மருத்துவமனையில் எபோலா பிரிவு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூடப் பணியாற்றிய பலரைப் புதைத்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். தர வேண்டிய படித்தொகை வரவில்லை, கருவிகள் இல்லை என்பது கோரிக்கை. நோயாளியைத் தூக்குவதற்கும் பிணத்தைத் தூக்குவதற்கும் உடைந்த ஸ்ட்ரெச்சர் ஒன்றுதான் இருந்தது என்றார்கள். இதைப் பணத்தாசை என்று யார் சொல்வார்கள்?

இன்னொரு விதமான புண்ணும் உண்டு. ஆள் போதவில்லை என்று ஏஜென்சி வழியாகத் தற்காலிக நர்ஸ்களை எடுப்பார்கள். அதே வார்டு, அதே வேலை, அவர்களுக்குச் சம்பளம் பல மடங்கு. பத்து ஆண்டு இருந்தவள் புதிதாக வந்தவளுக்கு வேலை சொல்லிக் கொடுப்பாள், அடுத்த மாதம் அவளும் ஏஜென்சியில் பெயர் கொடுத்திருப்பாள். அமெரிக்காவில் கொரோனா காலத்தில் இது பெரிய அளவில் நடந்தது.

யார் அதிகம் விலக நினைக்கிறார்கள்?

நான் பார்த்தவரை மூன்று வகை ஆட்கள். படித்து முடித்து ஓராண்டுகூட ஆகாத பிள்ளைகள், காண்ட்ராக்டில் இருப்பவர்கள், திடீரென்று பழக்கமில்லாத வார்டுக்கு மாற்றப்பட்டவர்கள். மூன்றாவது வகையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பிரசவ வார்டில் இருபது ஆண்டு கைதேர்ந்தவரை ஒரே நாளில் ஐசியூவுக்கு அனுப்புவார்கள். வென்டிலேட்டரின் பொத்தான்கூட அவருக்குத் தெரியாது. 'என் கையால் தப்பு நடந்துவிடுமோ' என்ற நடுக்கம் கிருமிப் பயத்தைவிடப் பெரிது.

அலை ஓய்ந்த பிறகுதான் பலர் போகிறார்கள். ஏன்?

நெருப்பு எரியும்போது யாரும் உட்கார்ந்து அழுவதில்லை. கூட இருக்கிறவளைத் தனியாக விட்டுப் போக மனம் வராது. நான் போனால் என் ஷிஃப்ட் அவள் தலையில் விழும் என்ற ஒரே காரணத்துக்காக நின்றவர்கள் ஏராளம். கூட்டம் குறைந்து, முதல் முறையாக மூன்று நாள் சேர்ந்தாற்போல ஆஃப் கிடைக்கும்போதுதான் உடம்பும் மனசும் கணக்குக் கேட்கும். தூக்கம் வராது. அலாரம் அடிக்காத வீட்டில் அலாரம் கேட்கும்.

இந்த நிலைக்கு 'பர்ன்அவுட்' என்று பெயர். உளவியல் ஆய்வாளர்கள் கிறிஸ்டினா மஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981-ல் இதை அளக்க ஒரு கேள்வித்தொகுப்பை வெளியிட்டார்கள். உள்ளுக்குள் வற்றிப்போவது, எதிரில் இருக்கும் மனிதரை ஒரு கட்டில் எண்ணாகப் பார்க்கத் தொடங்குவது, செய்த வேலையில் ஒன்றுமே இல்லை என்று தோன்றுவது என மூன்றையும் அது அளக்கிறது. 2019-ல் உலக சுகாதார நிறுவனமும் தன் நோய்ப் பட்டியலில் இதை வேலை சார்ந்த நிலை என்று விளக்கியது. நோய் என்று அது சொல்லவில்லை, சரியாகக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தால் வருவது என்றது. அந்த விளக்கம் முக்கியம். யோகா வகுப்பு வைத்தால் மட்டும் தீராது.

சேவை என்று சத்தியம் செய்துதானே வந்தீர்கள்? பாதியில் போவது தர்மமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் என் சொந்தச் சித்தப்பாவும் ஒருவர். அவருக்குச் சொன்ன பதிலையே இங்கேயும் சொல்கிறேன். கடமை இருபக்கமும் உண்டு. தீயணைப்பு வீரரைக் கவச உடை இல்லாமல் நெருப்புக்குள் அனுப்பிவிட்டு, அவர் தயங்கினால் தர்மம் பேச மாட்டோம். 1981-ல் வந்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 155-வது உடன்படிக்கை, உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியான பெரும் ஆபத்து இருக்கிறது என்று நியாயமான காரணத்தோடு நம்பி வேலையிடத்திலிருந்து விலகும் தொழிலாளியைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் நோயாளியை நடுவழியில் அப்படியே விட்டுப் போவதும், முறையாகச் சொல்லி, பொறுப்பை ஒப்படைத்து விலகுவதும் ஒன்றல்ல. முதலாவதை நாங்களும் மன்னிக்க மாட்டோம்.

நிர்வாகம் என்ன செய்தால் தங்குவார்கள்?

முதலில் நர்ஸ் சொல்வதைக் காதில் வாங்க வேண்டும். கனடாவின் டொராண்டோ நகரில் 2003-ல் சார்ஸ் முதல் அலை அடங்கிவிட்டது என்று கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள். ஒரு மருத்துவமனையில் நர்ஸ்கள், 'இந்த நோயாளிகளைப் பார்த்தால் சார்ஸ் மாதிரியே இருக்கிறது' என்று மே மாதத்தில் எச்சரித்தார்கள். யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது அலை வந்தது. அந்த நகரில் இரண்டு நர்ஸ்களும் ஒரு டாக்டரும் சார்ஸுக்கு இறந்தார்கள். விசாரித்த நீதிபதி ஆர்ச்சி காம்ப்பெல் ஆணையத்தின் முக்கியமான பரிந்துரை, பாதுகாப்பு நடவடிக்கைக்கு முழு அறிவியல் நிரூபணம் வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பது.

அடுத்து, உண்மையைச் சொல்ல வேண்டும். கையிருப்பில் எத்தனை முகக்கவசம் இருக்கிறது, எத்தனை நாளுக்கு வரும் என்று எங்கள் இன்சார்ஜ் தினமும் காலையில் கரும்பலகையில் எழுதிப் போட ஆரம்பித்தார். எண்ணிக்கை மோசமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றிலிருந்து வதந்தி நின்றது, புலம்பல் பாதியாகக் குறைந்தது. நர்ஸ்களுக்கெல்லாம் தலைவியான மேட்ரன் தானே உடை அணிந்து இரண்டு மணி நேரம் வார்டில் வந்து நின்ற அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை நாங்கள் இன்னும் பேசுகிறோம். மற்றவை எல்லோருக்கும் தெரிந்தவைதான்: ஓய்வு, நேரத்துக்கு வந்து மாற்றிவிட ஓர் ஆள், தங்க இடம், தொற்றினால் சம்பளத்தோடு விடுப்பு, இறந்தால் குடும்பத்துக்கு அலைக்கழிக்காமல் பணம். தெரிந்தும் செய்யாததால்தான் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நானும் நர்ஸ்தான். விட்டுவிடலாமா என்று தினமும் தோன்றுகிறது. என்ன செய்வது?

அப்படித் தோன்றுவதற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். கடிதத்தை எழுதுங்கள், ஆனால் நைட் டூட்டி முடிந்த காலையில் கொடுக்காதீர்கள். தூங்கி எழுந்து, சாப்பிட்டு, மறுபடி படித்துப் பாருங்கள். எதனால் போக நினைக்கிறீர்கள் என்று ஒரே வரியில் எழுத முடிகிறதா? அந்த ஒரு வரி மாறக்கூடியது என்றால், வார்டு மாற்றம், ஷிஃப்ட் மாற்றம், ஒரு மாத விடுப்பு, எதுவானாலும் முதலில் எழுத்தில் கேளுங்கள். தூக்கமே இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற அளவுக்குப் போயிருந்தால், வேலையைப் பற்றிய முடிவைத் தள்ளிவைத்துவிட்டு இன்றே மனநல மருத்துவரைப் பாருங்கள். நாம்தான் மற்றவர்களுக்கு இதைச் சொல்கிறோம், நமக்கு மட்டும் சொல்லிக்கொள்வதில்லை.

எல்லாம் பார்த்த பிறகும் போகத்தான் வேண்டும் என்றால் போங்கள். நோட்டீஸ் காலத்தை முடித்து, அனுபவச் சான்றிதழை வாங்கிக்கொண்டு, நர்ஸ் பதிவைப் புதுப்பித்து வைத்துக்கொண்டு போங்கள்.

நர்ஸின் வீட்டார் என்ன செய்யலாம்?

'இந்த வேலை வேண்டாம், விட்டுடு' என்று டூட்டிக்குக் கிளம்பும் நேரத்தில் சொல்லாதீர்கள். வீட்டு வேலையை அவள் வருவதற்குள் முடித்துவையுங்கள். அன்றைக்கு என்ன நடந்தது என்று அவளாகச் சொன்னால் கேளுங்கள், தோண்டாதீர்கள்.

விட்டுப் போனவர்கள் திரும்பி வருவார்களா?

சிலர் வருவார்கள். வாசல்படியில் உட்கார்ந்திருந்தாளே, அந்தத் தங்கை, ஒன்றரை ஆண்டு கழித்து வந்தாள். குழந்தையை பிளே ஸ்கூலில் சேர்த்துவிட்டாளாம். வந்த முதல் நாள் உடை மாற்றும் அறையில் நின்று, அங்கியின் முடிச்சை என்னைப் போடச் சொன்னாள். போட்டுவிட்டேன். "கழட்டும்போது கூட நிப்பீங்கல்ல அக்கா?" என்று கேட்டாள். நிற்பேன் என்றேன், நின்றேன்.